விடாத பிரேக், கொஞ்ச நேரத்தில் பிடிக்காத பிரேக் ஆகும்

போன ஆவணியில் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காடு பக்கத்து உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒருவர் தன் 150 சிசி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "அண்ணாச்சி, நாலு நாளா வண்டி இழுக்கவே மாட்டேங்கு. பெட்ரோலும் குடிக்கு. கிளட்ச் போயிட்டோ?" என்றார். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன், அரைச் சுற்றுகூட வரவில்லை. சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க்கில் சூட்டால் நீலம் பாய்ந்திருந்தது. கிளட்ச் நன்றாகத்தான் இருந்தது, டிஸ்க்கை நெருக்கிப் பிடிக்கும் கேலிப்பர்தான் பிடித்துக்கொண்டு விடவில்லை.

அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குப் பகீரென்றது. "முந்தாநாள் டவுனுக்குள்ள வரும்போது லிவரப் பிடிச்சா கைப்பிடி வரைக்கும் வந்துட்டு. பிரேக்கே இல்ல. டீ குடிச்சிட்டு வந்து பாத்தா சரியாயிட்டு." தானாகச் சரியானதால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிரேக் பிடிக்கவில்லை என்றால் எல்லோரும் அன்றே ஓடி வருகிறார்கள். பிரேக் விடவில்லை என்றால் மைலேஜ் குறைகிறது என்ற கவலையோடு ஒரு மாதம் ஓட்டுகிறார்கள். ஆனால் முதல் கோளாறுக்கு வழி போடுவதே இரண்டாவதுதான். கேலிப்பருக்குள் இருந்து டிஸ்க்கை அமுக்கும் பேட் உரசிக்கொண்டே இருந்தால் டிஸ்க் சுடும், கேலிப்பர் சுடும், உள்ளே நிற்கும் பிரேக் ஆயிலும் சுடும். நாம் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் இல்லை. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் ஒரு திரவம். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குமிழி. திரவத்தை அமுக்க முடியாது, குமிழி அமுங்கும். லிவரில் நாம் கொடுக்கும் அழுத்தமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடுகிறது. டீ குடிக்கிற நேரத்தில் ஆறினதும் லிவர் மறுபடி கெட்டியாகிவிடும்.

வழியில் யாரோ கேலிப்பரில் ஆயிலை வடிக்கும் திருகான ப்ளீடரைத் திறந்து கொஞ்சம் ஆயிலை வடியவிட்டு, "சரியாயிட்டு, போங்க" என்று அனுப்பியிருக்கிறார்கள். ப்ளீடரைத் திறந்து பார்ப்பது நல்ல சோதனைதான். திறந்ததும் சக்கரம் லேசாகிவிட்டால், அழுத்தம் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். லிவர் பக்கத்தில் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் சிறு துளை அடைத்திருக்கலாம், இல்லையென்றால் ஆயில் போகும் ஓஸ் உள்ளுக்குள் உப்பியிருக்கலாம். திறந்தும் லேசாகவில்லை என்றால் கேலிப்பரில்தான் கோளாறு. சோதனை அங்கே முடிகிறது, வைத்தியம் அதற்கப்புறம்தான் ஆரம்பம். இவர் வண்டி திறந்தும் அசையவில்லை.

பேட்டைத் தள்ளும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கக் கேலிப்பருக்குள் ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பலருக்கு இது தெரியாது. பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டுள்ள ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. லிவரைப் பிடிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து அது கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். விட்டதும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பி, பிஸ்டனையும் மயிரிழை அளவுக்குப் பின்னால் இழுத்துக்கொள்ளும். பிரேக் விடுவது அந்த மயிரிழையால்தான். சீல் உட்கார்ந்திருக்கும் காடியில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி சேர்ந்தால், சீலை அது பிஸ்டன் மேல் நெருக்கிவிடும். பிஸ்டன் போகும், வராது. உப்புக் காற்றில் ஓடுகிற வண்டிகளுக்கு, அதிலும் ஐப்பசி மழைக்கு உப்பளம் நின்று வண்டி மாதக்கணக்கில் ஓரமாக நிற்கும்போது, இது சீக்கிரமே வந்துவிடும். துரு ஸ்பிரே அடித்துப் பிஸ்டனை நாலு முறை தள்ளிவிட்டால் இரண்டு வாரம் ஓடும். பொடி காடியில் அப்படியே இருக்கும்.

பிஸ்டனை வெளியே எடுக்க நான் கம்ப்ரசர் காற்று வைப்பதில்லை. துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும், விரலை நசுக்கிவிடும். ஓஸைக் கழற்றாமல், கேலிப்பரை மட்டும் டிஸ்க்கிலிருந்து எடுத்து, பேட்களைக் கழற்றிவிட்டு, பிஸ்டனுக்கு எதிரே ஒரு மரத்துண்டு வைத்து லிவரை மெதுவாகப் பிடித்துப் பிடித்துத் தள்ளினால் போதும், ஆயிலே அதை வெளியே கொண்டுவந்துவிடும். இரண்டு பிஸ்டன் என்றால், முதலில் வருவதைப் பிடித்து நிறுத்தி மற்றதையும் வரவைக்க வேண்டும். ஒன்று முழுதாக வெளியே வந்துவிட்டால் இன்னொன்றைத் தள்ள அழுத்தம் இருக்காது. பிஸ்டனின் மேற்பரப்பில் பிளையர் போடவே கூடாது. குரோம் பூச்சில் குழி விழுந்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துச் சமாளிக்காமல் புதிது வாங்கிவிடுங்கள். அந்தக் குழி புது சீலையும் கிழிக்கும்.

காடியைச் சுத்தம் செய்வதுதான் இந்த வேலையில் பாதி. இவர் வண்டியில் எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. காடியில் கீறல் விழாதபடி பித்தளை பிரஷாலும் மூங்கில் குச்சியாலும் சுரண்டி, கடைசிப் பொடி போகும்வரை விரல் நகத்தால் தடவிப் பார்த்தேன். கழுவ பிரேக் கிளீனர் போதும். பெட்ரோல், மண்ணெண்ணெய், சாதா கிரீஸ் மூன்றும் சீலுக்கு எதிரி. ரப்பர் ஊதிப்போய், பிஸ்டன் மறுபடி இறுகும். புது சீலைப் புது பிரேக் ஆயிலில் நனைத்துப் போட்டு, பிஸ்டனைக் கையாலேயே அமுக்கினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. சுத்தியல் தேவைப்பட்டால் எங்கோ தப்பு.

கேலிப்பர் பக்கவாட்டில் நகர்வதற்கான ஸ்லைடு பின்களை மறந்துவிடாதீர்கள். பிஸ்டன் பக்கத்துப் பேட் அதிகமாகவும் எதிர்ப் பேட் குறைவாகவும் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் குற்றவாளி அவைதான். அங்கே சிலிகான் கிரீஸ்தான் போட வேண்டும். ஆயில் பட்ட பேட்டைத் துடைத்துத் திரும்பப் போடாதீர்கள். ஓஸைக் கழற்றியிருந்தால் செம்பு வாஷரும் புதிது. ஆயிலுக்குள் இருக்கும் காற்றை ப்ளீடர் வழியாக எடுக்கும்போது ஆயில் டப்பாவைக் காலியாக விடக் கூடாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டி என்றால் இதில் ரொம்பவே கவனம் வேண்டும், ஆயில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அதன் மாடுலேட்டருக்குள் காற்று போனால் சில மாடல்களில் ஸ்கேனர் இல்லாமல் எடுக்க முடியாது. கோளாறு இல்லாத வண்டிக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுங்கள். வேலை முடிகிறவரை டேங்க் மேல் ஈரத்துணி ஒன்று கிடக்கட்டும், பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும்.

எல்லாம் மாட்டியபின் அவர் சாவியை வாங்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. பிஸ்டன் உள்ளே தள்ளியிருக்கும்போது முதல் இரண்டு மூன்று பிடிக்கு லிவர் வெறுமனே வரும். அதைத் தெரியாமல் ரோட்டில் இறங்கினால் முதல் பிரேக்கே இருக்காது. கெட்டியாகும்வரை அவரையே பிடிக்கச் சொன்னேன். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினேன், நாலைந்து சுற்று ஓடி நின்றது. அப்புறம் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, டிஸ்க்கைத் தொடாமல் பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சூடே இல்லை. அதற்கப்புறம்தான் சாவியைக் கொடுத்தேன்.