ஒளி இல்லாமல் தெரியும் வெளிச்சம்

கண்ணை மூடிக்கொண்டு, அதன் வெளி ஓரத்தில் இமைமேல் விரலை வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். மூக்குப் பக்கமாக மங்கலான வளையம் ஒன்று தெரியும். அங்கே வெளிச்சம் ஏதும் இல்லை. விழித்திரை அழுந்தியது, அவ்வளவுதான். பார்வை நரம்பு வழியாக எது வந்தாலும் மூளை அதை வெளிச்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். 1755-இல் சார்ல் லெ ருவா என்ற பிரெஞ்சு மருத்துவர் பார்வையற்ற ஒருவருக்கு மின்சாரம் பாய்ச்சியபோது, அவருக்குத் தீச்சுடர் போல ஏதோ தெரிந்தது.

ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோயில் ஒளியை உணரும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். ஆனால் அவற்றிடம் செய்தி வாங்கும் இருமுனைச் செல்களும், அதை மூளைக்கு அனுப்பும் கேங்லியான் செல்களும் பெருமளவு பிழைத்திருக்கும். கடிதம் எழுதுபவர் போய்விட்டார், தபால்காரர் இருக்கிறார். அந்தத் தபால்காரரை மின்சாரத்தால் தட்டி எழுப்புவதுதான் வேலை.

அப்படித் தட்டி எழுப்பிப் பார்வை தருவதற்காக 2013-இல் அமெரிக்கா அனுமதித்த ஆர்கஸ் 2 கருவியில் கேமரா மூக்குக்கண்ணாடியில் இருந்தது. அது எடுத்த படம் இடுப்பில் மாட்டிய சிறு கணினிக்குப் போய், அங்கிருந்து கண்ணாடிக்குத் திரும்பி, பிறகு கம்பியில்லாமல் கண்ணுக்கு வரும். விழித்திரையின் உள்பரப்பில் நுண்ணிய ஆணியால் பொருத்திய தகட்டில் மின்சாரம் பாய்ச்சும் 60 மின்முனைகள்.

மின்சாரத்தை ஒரே திசையில் செலுத்திக்கொண்டே இருக்கக் கூடாது. கண்ணுக்குள் இருப்பது உப்புநீர். மின்முனையைச் சுற்றி நீர் பிரிந்து வாயு கிளம்பும், அமிலமும் காரமும் சேரும், உலோகம் அரிக்கும், செல் சாகும். அதனால் ஒவ்வொரு துடிப்பிலும் முதலில் தள்ளிய மின்னூட்டத்தை உடனே அதே அளவு திரும்ப இழுத்துவிட வேண்டும். எல்லாம் ஓரிரு மில்லி விநாடிக்குள். செல் விழித்துக்கொள்ளும், வேதிவினை தலையெடுக்காது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இதுதான்.

சரி, 60 மின்முனை என்றால் 60 புள்ளி தெரியுமா? தெரியாது. மின்சாரத்துக்கு ஆள் பார்த்துப் பேசத் தெரியாது. தொலைவில் உள்ள கேங்லியான் செல்களின் நீண்ட இழைகளும் இந்த மின்முனைகளை ஒட்டித்தான் பார்வை நரம்புக்குப் போகின்றன. அவையும் சேர்ந்து தூண்டப்பட, புள்ளியாகத் தெரிய வேண்டியது கோடாக இழுபடும். அதோடு, ‘வெளிச்சம் கூடுகிறது’ என்று சொல்லும் செல்லும் ‘குறைகிறது’ என்று சொல்லும் செல்லும் ஒரே நேரத்தில் கத்தும். அப்படியும் சிலர் வாசற்படியை, பெரிய எழுத்தைக் கண்டுகொண்டார்கள். அப்புறம் ஆர்கஸ் 2-ஐ உருவாக்கிய நிறுவனம் அதன் தயாரிப்பை நிறுத்தியது. கண்ணுக்குள் கருவியைச் சுமந்தவர்கள் பழுதுபார்க்க ஆளின்றி நின்றது பெரிய அநியாயம்.

ஸ்டான்ஃபோர்டில் டேனியல் பலங்கரின் ஆய்வில் பிறந்த பிரிமா சில்லு வேறு இடத்தில் உட்காருகிறது: விழித்திரைக்கு அடியில், செத்த செல்கள் இருந்த அதே இடத்தில். 2 மில்லிமீட்டர் சதுரம், 378 பிக்சல்கள், கம்பி கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் குட்டிச் சூரிய மின்கலம். இதற்கான மூக்குக்கண்ணாடியிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளியே படத்தையும் கொண்டுவருகிறது, மின்சாரத்தையும் தருகிறது. இங்கே முதலில் எழுவது இருமுனைச் செல்கள். மீதி வேலையை விழித்திரை தன் பழைய வழக்கப்படி பார்த்துக்கொள்ளும். மின்சாரம் பக்கத்துப் பிக்சலுக்குப் பரவாதபடி ஒவ்வொன்றையும் சுற்றி, மின்சாரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஒரு மின்முனையும் உண்டு.

முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி சிதைந்தவர்களுக்கு இதைப் பொருத்திப் பார்த்தார்கள். 2025-இல் வெளியான முடிவுப்படி, ஓராண்டு முடித்த 32 பேரில் 26 பேருக்குப் பார்வை குறிப்பிடத்தக்க அளவு தேறியது. வண்ணம் தெரியாது. கண்ணாடி பெரிதாக்கிக் காட்ட, எழுத்துகள் கறுப்பு வெள்ளையில் மெல்ல மெல்லப் பிடிபடும். அகச்சிவப்பு ஒளி மிச்சமிருக்கும் செல்களின் கண்ணில் படாது என்பதால், அந்த எழுத்தைச் சுற்றி அறையும் ஆட்களும் அவர்களுடைய சொந்த ஓரப் பார்வையிலேயே தெரிகிறார்கள்.