பொன்சாய்: சாடிக்குள் நிற்கும் மரம்

‘பொன்சாய்’ என்ற சொல்லில் பொன்னும் இல்லை, சாய்வும் இல்லை. யப்பானிய மொழியில் ‘போன்’ என்றால் ஆழம் குறைந்த தட்டு; ‘சாய்’ என்றால் நடுதல். சீனரின் ‘பென்சாய்’ யப்பானுக்குப் போய் எடுத்த உருவம் இது. போன்சாய் என்று எழுதுவோரும் உண்டு.

தமிழில் குறுமரம், குட்டை மரம் என்கிறார்கள். இரண்டும் உயரத்தைச் சொல்கின்றன. மூலச்சொல்லோ மரத்தை விட்டுவிட்டுப் பாத்திரத்தைச் சொல்கிறது. யப்பானியரிடம் இதற்கு ‘ஹச்சி நோ கி’ என்ற பழைய பெயரும் இருந்தது. அதன் பொருள் சாடி மரம். பூச்சாடி என்பது நம் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல். ஆகவே ‘சாடிமரம்’தான் என் தெரிவு.

பாத்திரத்தை ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன்? மரத்துக்கு ஆபத்து வருவதே அதனால்தான். அதுவும் மாரியில்.

‘மாரி’ என்றால் மழை. ஆனால் நம் பாடப்புத்தகங்களில் பனி கொட்டும் நாடுகளின் குளிர்காலமும் மாரிகாலம்தான். கனடாவில் இருக்கும் அக்கா, “மாரிக்கு மரத்தைப் புதைச்சிட்டன்” என்றபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புதைத்தது சாடியை, விளிம்பு வரை. நிலத்தில் நிற்கும் மரத்தின் வேரை மண் காக்கும். சாடியின் சிறங்கை மண்ணோ முழுதாக உறைந்துவிடும். கிளையை விட வேர் குளிருக்குப் பயந்தது. மேலே சருகு மூடலாம், சூடேற்றாத கொட்டிலிலும் வைக்கலாம். பாவம் பார்த்து வரவேற்பறைக்குள் கொண்டுவந்தால்தான் கேடு: மேப்பிள் போன்ற குளிர்நாட்டு மரத்துக்கு அந்தக் குளிரில் உறங்குநிலை வேண்டும்.

திருகோணமலையில் தையிலும் இரவு 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. இங்கே வாடைக்காற்றோடு வரும் மழைதான் எதிரி. நாட்கணக்கில் ஈரம் வடியாவிட்டால் வேருக்குக் காற்றில்லை, அழுகும். உப்புவெளியில் மாமியின் ஆலஞ்சாடிக்கு அடித்துவாரம் இரண்டு இருந்தும் தண்ணீர் தேங்கியது. தட்டையான அடியில் அப்படித்தான். ஒரு பக்கத்தில் ஓட்டுத் துண்டொன்றைச் செருகினார். தாழ்ந்த பக்கத்துத் துவாரத்தால் தண்ணீர் நூலாக வடிந்தது. காற்றில் உருளாமல் சாடியைக் கம்பியால் வாங்கோடு கட்டியும் விட்டார்.

சொல்லின் வேரை அவருக்கு விளக்கிப் பார்த்தேன். கேட்கவில்லை. “சாய்ச்சு வைக்கிறபடியாத்தானே பொன்சாய்” என்கிறார்.