இமேஜ் எடிட்டிங்ல சேனல்னா அலைவரிசை கிடையாது

"சிவப்பு அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கவும்"னு தமிழ் டுடோரியல்ல படிச்சுப் படிச்சுப் பொறுமை போயிடுச்சு, அதான் எழுதுறேன்.

இங்கிலீஷ் சேனலோட வேர் லத்தீன் கனாலிஸ், அதாவது குழாய், வாய்க்கால். கெனாலும் அதே வேர்ல வந்ததுதான். டிவி, ரேடியோ வந்தப்ப ஒரு நிலையத்துக்கு ஒதுக்குன அதிர்வெண் பட்டையைச் சேனல்னாங்க, நாம அலைவரிசைன்னோம். அங்க அது நல்ல சொல், குறை சொல்லவே மாட்டேன்.

படத்துல சேனல்னா கதையே வேற. ஒவ்வொரு பிக்சல்லயும் சிவப்பு எவ்ளோ, பச்சை எவ்ளோ, நீலம் எவ்ளோன்னு, 8 பிட் படம்னா 0லேர்ந்து 255 வரைக்கும் ஒரு எண், அவ்ளோதான். பைத்தான்ல பில்லோங்கிற பட லைப்ரரி வச்சு செம்பருத்திப் பூ போட்டோவைச் சேனல் சேனலா ஸ்ப்ளிட் பண்ணிப் பாருங்க, மூணு கருப்பு வெள்ளைப் படம் வரும், சிவப்புல பூ வெளுப்பா இருக்கும், நீலத்துல இருட்டா இருக்கும். இதுல அலை எங்க இருக்கு?

"நிறம்னாலே ஒளி அலைதானே"ன்னு ஒரு வாதம் வருது. சரி, ஆல்ஃபா சேனலுக்கு என்ன அலைநீளம்? அது அந்த இடம் எவ்ளோ மறைக்குது, பின்னாடி இருக்கிறதை எவ்ளோ காட்டுதுன்னு சொல்ற எண். அச்சுக்கான சிஎம்ஒய்கே நிற முறையில இருக்கிற கருப்பு, மை. லேப்னு (Lab) இன்னொரு நிற முறை, அதுல இருக்கிற எல், வெளிச்ச அளவு. போட்டோஷாப்ல தேர்ந்தெடுத்த பகுதியை, அதாவது ஒரு செலக்‌ஷனைச் சேமிச்சா அதுவும் சேனலா போய் உக்காருது, அதுக்கும் அலைக்கும் என்னங்க சம்பந்தம்? சாட்டிலைட் படத்துல ஒவ்வொரு பேண்டும் நிஜமாவே ஒரு அலைநீள வரம்பு, அங்க வேணா அந்தப் பேர் வச்சுக்கலாம். ஸ்கிரிப்ட் எழுதும்போது இன்னும் மோசம், ஓப்பன்சிவிங்கிற லைப்ரரி படத்தை நீலம், பச்சை, சிவப்புன்னு தலைகீழா படிக்கும், அந்தச் சேனல் ஆர்டரைச் சொல்லணும்னா "அலைவரிசை வரிசை"ன்னு எழுதணும், புதுசா கத்துக்க வர்ற பையன் என்னன்னு புரிஞ்சுப்பான்?

என் சொல் நிறக்கூறு. ஆல்ஃபாவுக்கு ஆல்ஃபா கூறு. கிம்ப்ங்கிற இமேஜ் எடிட்டர்லயே ஸ்கிரிப்ட்ல சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபாவை ஆன் ஆஃப் பண்ற கட்டளையில காம்பொனன்ட்னுதான் இருக்கு, சேனல்ங்கிற பேரை சேமிச்ச செலக்‌ஷனுக்கும் வச்சிருக்காங்க. அதைத் தமிழ்ல "சேமித்த தேர்வு"ன்னு சொன்னாலே போதும், புதுச்சொல் தேவையில்ல. வாய்க்கால்னு எழுதுறவங்களும் இருக்காங்க, வேருக்கு அது பொருந்தும், ஆனா இங்க எதுவும் ஓடலியே.

மொழிபெயர்க்கிறவங்க சாஃப்ட்வேரைத் திறந்தே பாக்காம அகராதியில முதல்ல இருக்கிற பொருளை எடுத்துப் போட்டுடுறாங்க, லேயர், மாஸ்க், பிரஷ்னு எல்லாத்துலயும் இதேதான் நடக்குது. கூறு பிடிக்கலைன்னா சேனல்னே எழுதுங்க, யூடியூப் சேனல்னு எல்லாரும் சொல்றாங்க, யாருக்கும் புரியாம இல்ல. கோடுல எப்படியும் சேனல்ஸ்னுதான் டைப் பண்ணப் போறோம்.