தரப்படுத்தி அல்ல, நிரவி

சாலை மண்ணை வழித்துப் பரப்பும் கிரேடர் எந்திரத்துக்குத் தமிழில் 'தரப்படுத்தி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போன வாரம் அந்தச் சொல்லை மூன்றாவது முறையாகக் கேட்டேன். முதல்முறை ஒரு சாலைப்பணி அறிவிப்பின் தமிழாக்கத்தில். இரண்டாவது, பாலிடெக்னிக் மாணவர்களிடம் சுற்றிக்கொண்டிருந்த நகலெடுத்த குறிப்பேட்டில். மூன்றாவது, பழைய காலச் சாலை எந்திரங்களைப் பற்றித் தமிழில் குரல் கொடுத்திருந்த ஒரு காணொலியில். குதிரைகள் இழுக்க, இரும்புச் சக்கரங்களுக்கு நடுவே நீண்ட தகடு மண்ணை வழித்துக்கொண்டு போகிறது. பின்னணிக் குரல் சொல்கிறது: "இதுதான் ஆரம்பகாலத் தரப்படுத்தி." பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தங்கை மகன் எட்டாம் வகுப்பு. "மாமா, அது ரோட்டுக்கு மார்க்கு போடுத மிஷினா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் பிழை இல்லை. தமிழ் தெரிந்த பிள்ளை அந்தச் சொல்லை அப்படித்தான் புரிந்துகொள்வான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கிரேடர் என்ற சொல்லின் அடி லத்தீனின் 'கிராடுஸ்'. படி, அடியெடுப்பு என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'கிரேடு' ஆனது. படி என்பதிலிருந்து ஒரு கிளை தரவரிசைக்குப் போயிற்று. பள்ளியில் போடும் கிரேடு அது. இன்னொரு கிளை ஏற்ற இறக்கத்துக்குப் போயிற்று. அமெரிக்காவில் சாலைக்கும் ரயில் பாதைக்கும் கிரேடு என்றால் சாய்வு. தரையை வேண்டிய சாய்வுக்குக் கொண்டுவருவது கிரேடு செய்தல், கொண்டுவரும் எந்திரம் கிரேடர். சரி, சொல்லின் பிறப்புக்கு இவ்வளவு போதும். மொழிபெயர்த்தவர் முதல் கிளையைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டார். கதை அவ்வளவுதான்.

ஆனால் விளைவு சின்னதல்ல. 'நிலத்தின் தரம்' என்பதற்குத் தமிழில் ஏற்கெனவே கெட்டியான ஒரு பொருள் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலகத்தின் அ-பதிவேட்டைத் திறந்தால் மண்ணின் வகை, தரம், தீர்வை என்று கட்டங்கள் இருக்கும். இது எத்தனையாவது தரத்து நிலம், ஆகவே இவ்வளவு தீர்வை என்று வகுத்த கணக்கு அது. நிலத்தைத் தரப்படுத்துவது என்றால் வரிக்காக மண்ணை வகைபிரிப்பது. அந்த வேலைக்குத் தேவை பதிவேடும் பேனாவும். நான்கு குதிரைகளும் ஓர் இரும்புத் தகடும் அங்கே எதற்கு?

எந்திரம் என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயர் வைத்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வார்டு கிங் என்ற விவசாயி, ஒரு மரத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளையும் இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைத்து, குதிரை பூட்டி மண்சாலையில் இழுத்தார். மழை பெய்து ஓய்ந்து சாலை ஈரமாக இருக்கும்போது, நேராக இழுக்காமல் கொஞ்சம் கோணலாக இழுக்க வேண்டும். அப்போது ஓரத்து மண் சிறிது சிறிதாக நடுவுக்கு நகரும், வண்டித்தடம் தூர்ந்துபோகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கிராமச் சாலைகள் பலவற்றைக் காப்பாற்றியது இந்தப் பிளந்த மரம்தான்.

வயலுக்கு வேறொன்று. ஸ்காட்லாந்திலிருந்து கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ ஊருக்குக் குடிபெயர்ந்த ஜேம்ஸ் போர்ட்டியஸ் 1883-இல் காப்புரிமை பெற்ற மண்வாரி அது. முறம்போல வளைந்த இரும்புத் தொட்டி, பின்னால் ஒரு நீண்ட கைப்பிடி. கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கினால் முனை மண்ணைக் கடிக்கும். அழுத்தினால் மண்ணைச் சுமந்துகொண்டு நகரும். முழுக்கத் தூக்கினால் கவிழ்ந்து கொட்டும். எவ்வளவு கனத்துக்கு மண் பரவ வேண்டும் என்பதையும் வைத்துக்கொள்ளலாம். பாசனத்துக்காக மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்ட வயல்கள் அங்கே ஏராளம்.

இதைப் படத்தில் பார்த்ததும் எனக்கு அப்பாவின் குதிகால்தான் நினைவுக்கு வந்தது. குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய எங்கள் விளவங்கோட்டுப் பக்கம் இப்போது ரப்பர். அன்று வீட்டடியில் வயல் இருந்தது. உழுது முடித்துத் தண்ணீர் நிறுத்தியபின் மரமடிப்பார்கள். மாடு பூட்டிய நீளமான மரப்பலகைக்கு எங்கள் ஊரில் பெயரே மரம்தான். பாரத்துக்காக என்னை அதில் உட்காரவைத்து, "மக்களே, அனங்காம இரு" என்பார். நான் அவர் காலைக் கட்டிக்கொள்வேன். மேடு வரும்போது குதிகாலை ஊன்றுவார். பலகைக்கு முன்னால் சேறு குவிந்து என் முழங்கால்வரை ஏறும். பள்ளம் வந்ததும் காலைத் தளர்த்துவார். சேறு பலகைக்கு அடியில் வழுக்கிப் போய்விடும். திரும்பிப் பார்த்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் நிற்கும். கைப்பிடியால் போர்ட்டியஸின் ஆட்கள் செய்ததை அப்பா குதிகாலால் செய்தார். இரண்டிலும் நடந்தது ஒன்று: இருக்கும் இடத்திலிருந்து எடுத்து இல்லாத இடத்தில் விடுவது. இதற்குத் தமிழில் நிரவுதல் என்று பெயர்.

இதைச் சொன்னதும், மொழிபெயர்ப்பு வேலை செய்யும் நண்பர் ஒருவர் மறுத்தார். "தரப்படுத்தி தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். சமன்பொறி என்று வையுங்கள். எல்லோருக்கும் புரியும்" என்றார். பலர் இப்படித்தான் எழுதுகிறார்கள். சமப்படுத்தி, சமன்செய்வான், சமதளமாக்கி என்று பல வடிவங்கள். தரப்படுத்தியைப் போல இது முழுப் பிழை இல்லை. பாதி சரியாக இருப்பதாலேயே இது ஊன்றிவிடும் என்ற கவலை எனக்கு.

சமம் வடசொல் என்பதற்காக நான் தள்ளவில்லை. அது நம் வாயில் பழகி எத்தனையோ காலம் ஆயிற்று. என் மறுப்பு வேறு. சாலையில் கிரேடர் சமதளம் ஆக்குவதே இல்லை. ஆக்கினால் அந்தச் சாலை கெட்டது. உடைகல் பரப்பிப் போடும் மெக்காடம் சாலைக்குத் தம் பெயரைத் தந்த ஜான் லௌடன் மெக்காடமே 30 அடி அகலச் சாலைக்கு நடுவில் 3 அங்குலம் உயரம் வேண்டும் என்றவர். இன்று நம் நாட்டில் தார்ச்சாலைக்கு, மழை அதிகமுள்ள இடமானால், 100-க்கு 2.5 என்ற அளவில் இரு பக்கமும் சரிவு வைக்கிறார்கள். 7 மீட்டர் அகலச் சாலையின் நடு, ஓரத்தைவிட ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும். மண்சாலைக்குச் சரிவு இன்னும் கூட. ஆடியிலும் ஐப்பசியிலுமாக இரண்டு பருவமழையும் வாங்கும் எங்கள் ஊரில், சமதளமாகப் போட்ட சாலை அடுத்த கார்த்திகைக்குள் குளமாகும்.

பனச்சமூட்டுப் பக்கம் ஒரு சாலை வேலையை நின்று பார்த்தேன். ஜல்லியும் பொடியும் தண்ணீரும் கலந்த வெட்மிக்ஸைக் கொட்டியிருந்தார்கள். கிரேடர் ஓட்டியவர் நெய்யாற்றின்கரைக்காரர், மலையாளம் பேசுபவர். கீழே நின்ற மேஸ்திரி நம்மவர். மேஸ்திரி கையை நடுவில் உயர்த்தி இரு பக்கமும் தாழ்த்திக் காட்டி, "நடுவுல தூக்கி, ரெண்டு பக்கமும் சரிச்சு நிரத்து" என்றார். பிளேடு கோணலாகத் திரும்பியது. அதன் ஒரு முனை தாழ்ந்தது. வெட்டிய கலவை பிளேடின் நீளத்துக்கு உருண்டு வந்து மறுமுனையில் நீண்ட வரப்பாக விழுந்தது. அடுத்த நடையில் அந்த வரப்பை எடுத்துப் பள்ளங்களில் பரப்பிக்கொண்டே போனார். அரை மணி நேரத்தில் 'சமம்' என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. இரண்டு மொழிக்காரர்களுக்கு நடுவே 'நிரத்து' ஒன்றே வேலையை முடித்தது.

நண்பர் விடவில்லை. "அமெரிக்காவில் கிரேடு கிராசிங் என்றால் சாலையும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் சந்திக்கும் இடம். அங்கே கிரேடு என்றால் மட்டம்தானே?" என்றார். நல்ல கேள்வி. அங்கே இரண்டும் ஒரே உயரத்தில் இருப்பதைச் சொல்கிறார்கள். பரப்பு முழுவதும் சமம் என்று சொல்லவில்லை. அந்தப் பொருளை எந்திரத்துக்குக் கொண்டுவந்தால் சாலையின் சரிவு காணாமல் போய்விடும். 'மட்டமாக்கி' என்று ஒருவர் எழுதியிருந்ததையும் கண்டேன். நெடுஞ்சாலையை மட்டமாக்கும் எந்திரம் என்றால் படிப்பவர் என்ன நினைப்பார்? மட்டமான துணி, மட்டமான அரிசி என்று அன்றாடம் பேசுகிறோம். கொத்தனார் கையில் மட்டம் அருமையான சொல். சாலைக்கு முன் அதை வைக்க முடியாது.

இன்னொரு தரப்பு, தமிழ்ப் பற்று மிகுந்தவர்கள், பரம்பு என்பார்கள். மரமடிப்பதற்குத் தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் வழங்கும் உழவர் சொல் பரம்படித்தல். எந்திரப் பரம்பு என்று சொல்லலாமே என்கிறார்கள். சொல்லின் மேல் எனக்கும் ஆசைதான். ஆனால் எல்லையில் இருப்பவனின் காது வேறு மாதிரிக் கேட்கும். களியக்காவிளையைத் தாண்டினால் பறம்பு என்பது வீட்டைச் சுற்றிய தோட்டம், கரைநிலம். நாம் விளை என்பதை அவர்கள் பறம்பு என்கிறார்கள். தமிழ் இலக்கியம் படித்தவருக்குப் பறம்பு என்றால் பாரியின் மலை. எழுத்தில் ரகர றகர வேறுபாடு இருக்கிறது. பேச்சில் பலருக்கு இல்லை. அதோடு பரம்பு சேற்றுக்கு உரிய கருவியின் பெயர், காய்ந்த சாலைக்கு நீட்டினால் ஒட்டாது. எங்கள் ஊரிலோ அதற்குப் பரம்பு என்ற பெயரே இல்லை.

நிரவுதலுக்கு இந்தத் தடை எதுவும் இல்லை. நிரம்பு, நிரப்பு, நிரவு, மேஸ்திரி சொன்ன நிரத்து எல்லாம் கூடப்பிறந்தவை. பள்ளம் நிரம்பினால் தரை நிரப்பாகும். எங்கள் பக்கத்தில் 'நிரப்பான இடம்' என்றால் மேடுபள்ளம் இல்லாத இடம். மலையாளத்திலும் நிரப்பு அதே பொருளில் உண்டு. மலையாளத்தில் சாலைக்கே நிரத்து என்று ஒரு பெயர். நிரத்திப் போட்டது நிரத்து ஆயிற்று. எல்லைக்கு இரு பக்கமும் உயிரோடு இருக்கும் சொல்லை விட்டுவிட்டு அகராதியின் முதல் வரியில் போய் விழுகிறோம்.

பொருள் எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது என்பதையும் பாருங்கள். ஆசிரியர் கூடுதலாக உள்ள பள்ளியிலிருந்து குறைவாக உள்ள பள்ளிக்கு மாற்றினால் அரசாணையில் 'பணி நிரவல்' என்கிறார்கள். கச்சேரியில் ஒரு வரியை எடுத்துத் தாளம் முழுவதும் பரப்பிப் பாடினால் நிரவல். எங்கும் எல்லாம் சமமாகிவிட வேண்டும் என்று இந்தச் சொல் கேட்பதில்லை. எங்கே எவ்வளவு வேண்டுமோ அங்கே அவ்வளவு போய்ச் சேர வேண்டும் என்கிறது. வயலில் நிரவினால் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். சாலையில் நிரவினால் தண்ணீர் நிற்காமல் ஓடும். இரண்டுக்கும் இந்த ஒரு சொல் போதும். சமன் என்ற சொல் வயலோடு நின்றுவிடுகிறது.

நிரவி என்பது வினையெச்சமும் ஆயிற்றே, குழம்பாதா என்று கேட்கலாம். வாரி என்பதும் அப்படித்தான். 'மண்ணை வாரிக் கொட்டினான்' என்றும் சொல்கிறோம், மண்வாரி என்றும் சொல்கிறோம். இதுவரை யாரும் குழம்பியதில்லை.

எல்லா எந்திரத்துக்கும் உடனே தமிழ்ப்பெயர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1923-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் மாரோவில் என்ற ஊரில் கம்மிங்ஸ், மெக்லியோட் என்ற இருவர் டிராக்டரின் முன்னால் தள்ளுதகடு பொருத்தினார்கள். அந்த வகை எந்திரத்துக்கு வந்து ஒட்டிய பெயர் புல்டோசர். அதற்கு முன்னால் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மிரட்டிப் பணியவைப்பது என்று பொருள். இதைத் தமிழில் பிரித்து மொழிபெயர்த்தால் வேடிக்கைதான் மிஞ்சும். புல்டோசர் அப்படியே இருக்கட்டும். ஜேசிபியும் இருக்கட்டும், ஆனால் மண்ணைத் தொடும் எல்லா எந்திரமும் ஜேசிபி என்று செய்தியில் எழுதுவதை நிறுத்த வேண்டும். தோண்டுவது வேறு, தள்ளுவது வேறு, நிரவுவது வேறு. கிரேடர் என்றே ஒருவர் எழுதினாலும் எனக்குக் குறையில்லை. தவறான தமிழ்ச்சொல்லைவிடச் சரியான கடன்சொல் மேல். கடன்சொல்லைக் கேட்டவர் 'அது என்ன?' என்று கேட்பார். தரப்படுத்தியைக் கேட்டவர் தெரிந்துவிட்டதாக நினைத்து நகர்ந்துவிடுவார்.

மொழிபெயர்ப்பவர்கள் ஒரே ஒரு காலைப்பொழுது வேலை நடக்கும் சாலையோரத்தில் போய் நின்றால் போதும் என்பது என் எண்ணம். அங்கே நிற்பவர்களிடம் சொல் இருக்கிறது. கேட்டால் தருவார்கள்.

காணொலியில் இன்னொரு பிழையும் இருந்தது. மோட்டார் கிரேடரைத் 'தானியங்கித் தரப்படுத்தி' என்றார்கள். 1870-களில் பென்சில்வேனியாவின் பென்னாக் குடும்பத்தார் செய்ததும், பக்கத்து உதைப்பைத் தாங்கச் சக்கரங்களைச் சாய்த்துவைத்து 1885-இல் ஜோசப் ஆடம்ஸ் செய்ததும் விலங்குகள் இழுத்தவை. 1903-இல் மினசோட்டாவில் தொடங்கிய ரஸ்ஸல் நிறுவனம் பின்னாளில் டிராக்டரையே உள்ளே வைத்துக் கட்டியது. 1928-இல் அதை வாங்கிய கேட்டர்பில்லர், 1931-இல் 'ஆட்டோ பேட்ரோல்' என்று ஒரே உடலாக வெளியிட்டது. அந்த ஆட்டோ, இழுக்க வேறொன்று வேண்டாம் என்பதைச் சொல்கிறது. தானாக வேலை செய்யும் என்பதை அல்ல. அதை ஓட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆகவே தங்கை மகனின் நோட்டில் இப்படி எழுதிக்கொடுத்தேன்: குதிரையும் டிராக்டரும் இழுத்தது இழுவை நிரவி, தன் எஞ்சினில் ஓடுவது எந்திர நிரவி. வார்டு கிங்கின் பிளந்த மரத்துக்கு என்ன பெயர் என்று கேட்டான். அதற்கு நம் ஊர்ப் பெயரே போதும், மரம் என்று எழுதிக்கொள் என்றேன்.