முள்ளோடைக்கு எந்தப் பக்கம்? பி.பி.ஏ. எல்.எல்.பி. வாய்ப்பைக் கணிக்கும் முன் ஒரு கேள்வி

மே மாதம் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை. ஆனால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள என் வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் பெற்றோர் அதிகம் வருவது அந்த மாதத்தில்தான். கையில் பிளஸ் 2 மதிப்பெண் பட்டியல் இருக்கும். "ஐயா, 520 வாங்கியிருக்கிறாள். பி.பி.ஏ. எல்.எல்.பி. கிடைக்குமா?" வணிக நிர்வாகமும் சட்டமும் சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பைத்தான் கேட்கிறார்கள்.

பட்டியலை வாங்கிப் பார்ப்பதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: "வீடு முள்ளோடைக்கு எந்தப் பக்கம்?"

கடலூரிலிருந்து புதுச்சேரி செல்லும் பஸ் அரை மணி நேரத்துக்குள் முள்ளோடையில் மாநில எல்லையைக் கடந்துவிடும். அந்தப் பக்கம் குடியிருந்து இந்தப் பக்கம் படிக்கும் பிள்ளைகள் பலர், மாறியும் நடக்கும். சில ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியின் பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கரும்பு விவசாயி மகளோடு வந்தார். மகள் கடலூரில் படித்தவள், நல்ல மதிப்பெண். பி.பி.ஏ. எல்.எல்.பி. உள்ள சென்னை சீர்மிகு சட்டப் பள்ளியில் முந்தைய ஆண்டு எம்.பி.சி. பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணைத் தேடிப் பிடித்து, மகளுடையது அதற்கு மேல் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தார். ஆனால் தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீடு தமிழ்நாட்டுக்காரர்களுக்கு உரியது. புதுச்சேரி இருப்பிடச் சான்றிதழ் வைத்திருந்த அந்தப் பெண் பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டியிருந்தது. போட்டிருந்த கணக்கு அத்தனையும் வீண். அவர் முகம் வாடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவர் மேல் தவறில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எந்த வரிசையில் நிற்கிறோம் என்று தெரிந்த பிறகுதான் மதிப்பெண்ணுக்குப் பொருள் உண்டு. சீர்மிகு சட்டப் பள்ளியில் நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை. புதுச்சேரி காலாப்பட்டு அரசு சட்டக் கல்லூரிக்கு, அந்த அரசின் மையச் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாகச் சேர்க்கை நடக்கிறது. அங்கே ஐந்தாண்டுப் படிப்பு பி.ஏ. எல்.எல்.பி. வழக்காடுவதுதான் குறிக்கோள் என்றால் இந்த வேறுபாட்டுக்காகக் கலங்க வேண்டாம். எந்த எல்.எல்.பி. படித்தாலும் பார் கவுன்சில் பதிவும் அகில இந்திய பார் தேர்வும் எல்லோருக்கும் ஒன்றுதான். நிறுவனங்களின் சட்டப் பிரிவில் வேலை பார்க்க விரும்பும் பிள்ளைக்கு வணிக நிர்வாகப் பாடங்கள் கைகொடுக்கும்.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கதை வேறு. அவற்றுக்கு வாசல் கிளாட் என்னும் பொதுச் சட்ட நுழைவுத் தேர்வு. திருச்சியில் பி.காம். எல்.எல்.பி. இருக்கிறது, காந்திநகரில் பி.பி.ஏ. எல்.எல்.பி. இருக்கிறது. ரோத்தக் ஐ.ஐ.எம். நடத்தும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கும் கிளாட் மதிப்பெண்ணும் நேர்காணலும் உண்டு. தேர்வு ஆங்கிலத்தில் மட்டும். 120 கேள்விகள், இரண்டு மணி நேரம், ஒவ்வொரு தவறான விடைக்கும் கால் மதிப்பெண் குறையும். கணக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் பத்தியைப் படித்து விடை காண்பது. வணிகம் கலந்த படிப்பு என்பதால் பிளஸ் 2-வில் காமர்ஸ் எடுத்திருக்க வேண்டும் என்ற எண்ணமும் தவறு. எந்தப் பிரிவில் படித்தவரும் எழுதலாம்.

கிளாட் வாய்ப்பைக் கணிக்க நான் சொல்லும் வழி இது. வீட்டில் கடிகாரம் வைத்து முழு மாதிரித் தேர்வுகள் ஐந்து எழுத வையுங்கள். ஐந்தின் சராசரியை எடுங்கள். நன்றாக எழுதிய ஒரு நாளின் மதிப்பெண்ணை எடுக்காதீர்கள். அந்தச் சராசரிக்கு முந்தைய ஆண்டுகளில் ஏறத்தாழ எந்த ரேங்க் கிடைத்தது என்று பாருங்கள். பிறகு நீங்கள் விரும்பும் கல்லூரியில், உங்கள் பிரிவில், கடைசிச் சுற்றில் எந்த ரேங்க் வரை இடம் போனது என்று மூன்று ஆண்டுகளுக்குப் பாருங்கள். முதல் சுற்றுப் பட்டியலை மட்டும் பார்த்து மனம் உடைந்த பிள்ளைகளை நான் அறிவேன். கடைசிச் சுற்றில் அவர்களுக்கும் இடம் இருந்தது.

இன்னொன்று. இங்கே பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் இருந்தாலும், மத்திய ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். அதிலும் ஒவ்வொரு தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் தன் மாநில விதிப்படி இடம் ஒதுக்குகிறது. திருச்சியில் செல்லுபடியாகும் சலுகை காந்திநகரில் இருக்கும் என்று எண்ணாதீர்கள்.

கிளாட் அண்மை ஆண்டுகளில் டிசம்பரிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. பிளஸ் 2 முடிவு வந்த பிறகு என்னிடம் வருபவர்களுக்கு அந்த வாசல் அவ்வாண்டுக்கு ஏற்கனவே மூடியிருக்கும். ஆகவே பிளஸ் 1 முடித்த பிள்ளைகளின் பெற்றோரே, இந்த மே மாதம் நீங்கள் வாருங்கள். வரும்போது ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வாருங்கள். மதிப்பெண் பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.