ஹியூமிக் என்பது மட்கு: ஒரு சொல்லும் கன உலோக மண்ணும்

உரக்கடையில் 'ஹியூமிக்' கேட்டால் பளபளக்கும் கறுப்புச் செதில் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அது பொட்டாசியம் ஹியூமேட், அதாவது ஹியூமிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்பு. காரீயம், காட்மியம் போன்ற கன உலோகம் ஏறிய நிலத்துக்கு அது மட்டும் போதுமா என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தச் சொல்லிலேயே கிடைக்கும்.

லத்தீனில் 'ஹூமுஸ்' என்றால் நிலம், மண். மண்ணியலில் அதன் பொருள் சுருங்கி, இலைதழையும் வேரும் சாணமும் அடையாளம் தெரியாதபடி மக்கிச் சேர்ந்த கரும்பழுப்புப் பொருளை மட்டும் குறிக்கலாயிற்று. தமிழில் அதுவே மட்கு. பேச்சில் மக்கு, 'மக்கின எரு'. பாடநூல்களில் 'இலைமட்கு' என்றும் வரும். மட்குவது இலை மட்டுமல்ல என்பதால் மட்கு என்பதே சரி. ('மக்கு' என்று எழுதினால் யாரையோ திட்டுவதுபோல் தொனிக்கும்.) அந்த வழியில் ஹியூமிக் அமிலம் மட்கு அமிலம், ஹியூமிக், ஃபுல்விக், ஹியூமின் மூன்றும் சேர்ந்து மட்குப் பொருள்கள். 'ஃபுல்வுஸ்' லத்தீனில் பழுப்பு கலந்த மஞ்சள். அதற்குப் புதுச்சொல் தேடாமல் ஃபுல்விக் என்றே வைத்துக்கொள்ளலாம்.

மட்கு அமிலம் ஒரே மூலக்கூறு அல்ல. பிரித்தெடுக்கும் முறையால் வரையறுக்கப்பட்ட கலவை. 1786இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரான்ஸ் கார்ல் அஷார்ட் சதுப்புநிலக் கரியைக் காரத்தில் கரைத்து, அமிலம் விட்டு, கறுப்பு வீழ்படிவைப் பிரித்தார். இன்றும் வரையறை அதுதான். காரத்தில் கரைந்து அமிலத்தில் படிவது ஹியூமிக். இரண்டிலும் கரைவது ஃபுல்விக். இரண்டிலும் கரையாதது ஹியூமின்.

வாங்கிய செதிலையும் இப்படியே சோதிக்கலாம். ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் கரைத்து, ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள் (கையுறை அவசியம்). கார அமில நிலை (pH) 2க்குக் கீழே போனதும் பழுப்புத் திரள்கள் பிரிந்து அடியில் இறங்கும்; மேலே மஞ்சள் நீர் நிற்கும். திரளே இல்லாமல் முழுக்கக் கறுப்பாகவே நின்றால், அது சாயமோ காகித ஆலைக் கழிவான லிக்னோசல்ஃபோனேட்டோ ஆக இருக்கலாம். வினிகரில் இது சரியாகத் தெரியாது. அதன் அமிலத்தன்மை போதாது.

மட்கு அமிலத்தில் கார்பாக்சில், ஃபீனால் என்ற, எதிர்மின்னேற்றம் பெறும் அணுத்தொகுதிகள் ஏராளம். நேர்மின் அயனிகளான காரீயம், தாமிரம், காட்மியம் ஆகியவற்றை அவை நண்டு கவ்வுவதுபோல் பற்றும். கொடுக்கிணைப்பு என்ற பெயர் அதனால் வந்ததே. தாமிரத்தையும் காரீயத்தையும் இறுக்கமாகப் பிடிக்கும். காட்மியத்தின் மீதான பிடி தளர்வு. குரோமியத்தில் இன்னொரு வேலையும் நடக்கிறது: நச்சு மிகுந்த, நீரோடு எளிதில் நகரும் ஆறு இணைதிற (Cr⁶⁺) குரோமியத்தை மட்கு ஒடுக்கி, எளிதில் நகராத மூன்று இணைதிறமாக மாற்றும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி போன்ற தோல் பதனிடும் ஊர்களின் பாலாற்றுப் படுகைக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஆனால் கார மண்ணில் இந்த ஒடுக்கம் மெதுவாகவே நடக்கும்.

இனி அளவுக்கு வருவோம். ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண் சுமார் 900 டன். அதில் ஒரு கிலோ செதில் போட்டால் ஒரு கிலோ மண்ணுக்கு ஒரு மில்லிகிராம் சொச்சம். பத்துக்கணக்கான மில்லிகிராம் உலோகம் கிடக்கும் மண்ணில் அது எதைக் கட்டிப்போடும்? ஏக்கருக்கு 1–2 கிலோ என்ற அளவில் செதில் வேரை வளர்க்கவும் செடி தாக்கத்தைத் தாங்கவும் உதவும். மண்ணிலுள்ள உலோகத்தை முடக்காது. முடக்குவதற்கு டன் கணக்கில் மட்கு வேண்டும்: கடைசி உழவுக்கு முன் ஏக்கருக்கு 5 டன் நன்கு மக்கிய எரு, 15 செ.மீ. ஆழத்துக்குக் கலந்து, அது சிதைந்துகொண்டே போவதால் ஆண்டுதோறும் மறுபடி. பச்சைச் சாணம் கூடாது. அது மக்கும்போது வரும் சிறிய கரிம அமிலங்கள் உலோகத்தைக் கரைத்து வேருக்கே கொண்டுபோகும். ஃபுல்விக்கை அதிகம் ஊற்றினாலும் இதே ஆபத்துண்டு.

செதில் கரைசலைக் கால்சியம் நைட்ரேட்டுடனோ பாஸ்பாரிக் அமிலத்துடனோ ஒரே தொட்டியில் கலந்தால் திரிந்து சொட்டுநீர்க் குழாயை அடைக்கும். உப்புப் படியும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் அப்படித்தான். முதலில் ஒரு வாளியில் கலந்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள்.

ஆர்செனிக் உள்ள மண்ணுக்கு இந்த வைத்தியமே வேறு. அது எதிர்மின் அயனியாக இருப்பதால், இரும்பு ஆக்சைடில் ஒட்டியிருப்பதை மட்கு தள்ளிவிட்டு நீரில் விடுவிக்கக்கூடும்.

நகரக் குப்பை உரத்தை வாங்கினால் ஆய்வறிக்கை கேளுங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கிலோவுக்குக் காட்மியம் 5, குரோமியம் 50, காரீயம் 100 மில்லிகிராமுக்கு மிகக்கூடாது. தோல் கழிவு கலந்த உரமென்றால் அறிக்கை இருந்தாலும் வாங்க வேண்டாம்.