கலவரத்தைக் கிளர்ச்சி ஆக்காதீர்கள்

'வன்கூவர் ரசிகர் கிளர்ச்சி' என்ற தொடரை முதன்முதலில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு மலரில் வாசித்தேன். யாரோ அவசரத்தில் எழுதிவிட்டார்கள் என்று விட்டுவிட்டேன். பிறகு வானொலிச் சஞ்சிகை ஒன்றில் காதில் விழுந்தது. இப்போது மட்டக்களப்பில் மொழிபெயர்ப்புப் பயிலும் பிள்ளைகளின் பயிற்சித் தாள்களிலும் அதுவே வருகிறது: 'கிளர்ச்சியாளர்கள் கடைகளின் கண்ணாடிகளை உடைத்தனர்', 'கிளர்ச்சி பற்றிய பொது எதிர்வினைகள்'. பேசாமல் இருந்தால் நாளைக்கு அகராதியிலும் ஏறிவிடும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2011 ஜூன் 15ஆம் திகதி, கனடாவின் வன்கூவர் நகரில் ஸ்டான்லி கிண்ணத்துக்கான ஐஸ் ஹொக்கித் தொடரின் ஏழாவதும் கடைசியுமான ஆட்டம். சொந்த ஊர் அணியான கனக்ஸ், பொஸ்டன் புரூயின்ஸ் அணியிடம் 4-0 என்று தோற்றது. பெருந்திரையில் ஆட்டம் பார்ப்பதற்காக நகர மையத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடியிருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் கார்களைப் புரட்டித் தீ வைத்தார்கள். பொலிஸ் வாகனங்களும் எரிந்தன. பெரிய கடைகளின் கண்ணாடிகளை உடைத்து அகப்பட்டதை அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. 1994 ஜூனில் நியூயோர்க் ரேஞ்சர்ஸ் அணியிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றபோதும் இதே கதைதான்.

இதை ஆங்கிலத்தில் 'ரயட்' என்கிறார்கள். பழைய பிரெஞ்சில் சச்சரவைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. வேட்டைக்காரர் பேச்சில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: துரத்த வேண்டிய விலங்கின் மணத்தை விட்டுவிட்டு வேறு மணத்தின் பின்னால் நாய்கள் ஓடுவது. பொஸ்டனிடம் தோற்றதற்குத் தன் ஊர்க் கடையை உடைத்தவர்களுக்கு இந்த இரண்டாவது பொருள் இன்னும் நன்றாகப் பொருந்தும். சட்டத்துக்கு வேர்ச்சொல் தேவையில்லை, தலைக்கணக்குத்தான் தேவை. 1714ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் பன்னிரண்டு பேர் கூடி நின்றால் அறிவித்தல் வாசித்து, ஒரு மணி நேரத்தில் கலையச் சொன்னது. எங்கள் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவைக்குச் சட்டவிரோதக் கூட்டம் என்று சொல்ல ஐந்து பேர் வேண்டும். கனடாவுக்கு மூன்று பேர் போதும்.

தமிழில் இதற்கு நெடுநாளாக வழங்கிவரும் சொல் கலவரம். கலத்தல், கலங்குதல், கலக்கம் என்ற குடும்பம். முதற்பொருள் மனக்கலக்கம், 'கலவர முகத்தோடு ஓடி வந்தாள்' என்று இன்றைக்கும் எழுதுகிறோம். நெஞ்சுக்குள் இருந்த குழப்பம் தெருவுக்கு இறங்கியபோது சொல்லும் கூடவே இறங்கியது. அவ்வளவுதான் வரலாறு. இந்தச் சொல்லில் எந்தக் குறையும் இல்லாதபோது 'கிளர்ச்சி' எங்கிருந்து நுழைந்தது?

கிளர்ச்சிக்காரர்களிடம், அதாவது அந்தச் சொல்லை ஆதரிப்பவர்களிடம், இரண்டு நியாயங்கள் இருக்கின்றன. ஒன்று, கிளர்தல் என்றால் மேலெழுதல். தோல்வியால் உணர்ச்சி மேலெழுந்தது, ஆகவே கிளர்ச்சி. இது நியாயமே இல்லை. உணர்ச்சி மேலெழுந்தால் அதற்கு மனக்கிளர்ச்சி என்று பெயர். கண்ணாடி உடைந்தால் அதற்கு வேறு பெயர்.

இரண்டாவது நியாயத்தை அப்படித் தட்டிவிட முடியாது. கிழக்கு மாகாணத்தில் இருப்பவர்கள்தான் அதைச் சொல்கிறார்கள். 'எங்கள் ஆட்களுக்குக் கலவரம் என்றாலே இனக்கலவரம்தான் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லைக் கொண்டுபோய் ஹொக்கிக்குப் போடலாமா? விளையாட்டுக்கு வேறு சொல் வேண்டாமா?' கேட்கிறவரின் மனம் புரிகிறது. இங்கே அந்தச் சொல்லுக்கு முன்னால் 'இன' என்பதை எழுதவே வேண்டியதில்லை. காது தானாகச் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் பாரமான ஒரு சொல்லுக்குப் பயந்து அதைவிடப் பாரமான சொல்லை எடுத்தால் என்ன மிச்சம்? இலங்கையில் கிளர்ச்சி என்றால் 1971 ஏப்ரல். ஆயுதம் எடுத்து, பொலிஸ் நிலையங்களைத் தாக்கி, அரசைக் கைப்பற்ற முயன்றதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது. அதே பெயரைப் பியர் குடித்துவிட்டுக் கைப்பைக் கடைக்குள் புகுந்தவனுக்கும் கொடுப்பதா?

கிளர்ச்சிக்கு ஒரு கோரிக்கை இருக்கும், எதிரே ஒரு ஆள் இருப்பான். வன்கூவரில் கோரிக்கை என்ன? ஆட்டத்தைத் திரும்ப நடத்து என்று யாரும் கேட்கவில்லை. எதிரே நின்றது யார்? வென்றவர்களின் ஊர் கண்டத்தின் மறுகரையில் இருக்கிறது. உடைந்ததெல்லாம் தோற்ற ஊரின் சொத்து.

விளையாட்டிலிருந்து கிளர்ச்சி பிறக்கவே பிறக்காது என்றும் சொல்ல முடியாது. கி.பி. 532இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் தேர்ப்பந்தய அணிகளின் ஆதரவாளர்கள் தொடங்கிய குழப்பம் அப்படித்தான் போனது. ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்த நீலக் கட்சியும் பச்சைக் கட்சியும் ஒன்றுசேர்ந்து ஜஸ்டினியன் மன்னனுக்கு எதிராகத் திரும்பின. ஹைப்பேஷியஸ் என்பவனைப் பிடித்து முடிசூட்டவும் செய்தன. மைதானத்திலேயே படையை விட்டு அடக்கினார்கள். முப்பதினாயிரம் பேர் இறந்ததாக அக்கால வரலாற்றாசிரியர் புரொக்கோப்பியஸ் எழுதுகிறார். அதை 'நிகா கிளர்ச்சி' என்று எழுதுங்கள், நான் வாயே திறக்கமாட்டேன். முடியை மாற்றப் பார்த்தவர்கள் கிளர்ச்சியாளர்கள். மறுபக்கம், எங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் 1996 மார்ச் 13ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கல்கத்தா ஈடன் கார்டனில் உலகக் கிண்ண அரையிறுதி. இலங்கை 251, இந்தியா எட்டு விக்கெட்டுக்கு 120. பார்வையாளர்கள் போத்தல் எறிந்து, இருக்கைகளுக்குத் தீ வைத்தார்கள். போட்டித் தீர்ப்பாளர் கிளைவ் லொயிட் ஆட்டத்தை நிறுத்தி இலங்கைக்கு வெற்றி கொடுத்தார். வினோத் காம்ப்ளி அழுதுகொண்டு வெளியேறினார். அன்றைக்கு இங்கே யாராவது 'கல்கத்தாக் கிளர்ச்சி' என்றார்களா? குழப்பம் என்றோம், ரகளை என்றோம். ஐஸ் ஹொக்கி என்றவுடன் மட்டும் எங்கள் நா ஏன் இலக்கணம் பேசுகிறது என்று தெரியவில்லை.

'கலகம்' என்று எழுதுகிறவர்கள் இன்னொரு கூட்டம். பேரகராதி இதை வடமொழிச் சொல்லோடு சேர்க்கும். தனித்தமிழ் அன்பர்கள் 'கல' வேரோடு சேர்ப்பார்கள். அந்த வழக்கு எனக்கு வேண்டாம். பொருளில்தான் இடிக்கிறது. 1857 சிப்பாய்க் கலகத்தில் மேலதிகாரம் என்று ஒன்று இருந்தது. நாரதர் கலகத்தில் மூட்டிவிடுகிற நாரதர் இருக்கிறார். போதாததற்குச் சிற்றிதழ்க்காரர்கள் கலகத்தை ஒரு பட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். 'கலகக்காரர்' என்று ஒரு கவிஞரை அழைத்தால் அவர் மகிழ்ந்துபோவார். கடைக்குள் புகுந்து வாசனைத் திரவியம் திருடியவனுக்கும் அதே பட்டமா?

இன்னும் சிலர் களேபரம் என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு உடல், பிணம் என்று பொருள். வழக்கில் குழப்பத்துக்கு வந்துவிட்டது, அதோடு சண்டைபிடிக்க எனக்கு வலு இல்லை. அமளி பாராளுமன்றத்துக்கு எழுதிவைத்த சொல். அது பழைய தமிழில் படுக்கையையும் குறிக்கும் என்பதை உறுப்பினர்கள் சிலர் நன்றாகவே உணர்ந்திருக்கிறார்கள்.

ஆகவே வன்கூவரில் நடந்தது கலவரம். ஏன் அந்தச் சொல் அங்கே இவ்வளவு பொருந்துகிறது என்று யோசித்தால், இங்கே அதை நாங்கள் எவ்வளவு தவறாகப் பயன்படுத்துகிறோம் என்பதும் தெரியவரும். கலவரத்துக்கு எழுவாய் இல்லை. 'கலவரம் மூண்டது', 'கலவரம் வெடித்தது', 'கலவரம் பரவியது' என்கிறோம். யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்ற இரண்டு கேள்விக்கும் அந்த வாக்கியத்தில் இடமே கிடையாது. வன்கூவர்க் கூட்டத்துக்கு அது சரி. அவர்கள் இன்னாரைத் தேடிப் போகவில்லை. கைக்கு எட்டியதை உடைத்தார்கள்.

1983 ஜூலையில் அப்படியா நடந்தது? வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். வெலிக்கடைச் சிறைக்குள் இரண்டு நாள்களில் 53 தமிழ்க் கைதிகளைக் கொன்றார்கள். தப்பியவர்களைக் கொண்டுவந்து அடைத்தது எங்கள் மட்டக்களப்புச் சிறையில். இதற்குப் பெயர் 'ஜூலைக் கலவரம்'! 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில், முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் சாப்பாட்டுக்குள் கருத்தடை மாத்திரை கலந்ததாகக் கதை கட்டி உணவகத்தை அடித்து நொறுக்கினார்கள், பள்ளிவாசலையும் தாக்கினார்கள். மாத்திரை என்று காட்டியது வெறும் மாவுக்கட்டி என்று பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வு சொன்னது. அதையும் 'அம்பாறைக் கலவரம்' என்று எழுதினார்கள். வாசிக்கிறவன் என்ன நினைப்பான்? இரண்டு பக்கமும் அடிபட்டிருக்கிறது என்றுதான் நினைப்பான். அடித்தவர்களும் அடிவாங்கியவர்களும் ஒரே சொல்லுக்குள் சமமாகிவிடுகிறார்கள்.

எங்கள் பக்கத்துச் சனங்கள் இதில் பத்திரிகைகளைவிடத் தெளிவாக இருக்கிறார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வயதானவர்கள் 'வன்செயல்' என்பார்கள். 'வன்செயலில் வீடு போயிற்று', 'வன்செயலுக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்தோம்'. 1978 சூறாவளியை ஒரு எல்லைக்கல்லாக வைத்துக் காலத்தைச் சொல்வதைப் போல, வன்செயலையும் எல்லைக்கல்லாக வைத்துச் சொல்வார்கள். நட்டஈட்டுப் பத்திரங்களில் 'வன்செயலால் பாதிக்கப்பட்டோர்' என்ற தொடர் இருப்பதால் அது கந்தோர்ச் சொல் என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. சொல்லுக்குள் 'செயல்' இருக்கிறதே, அதைப் பாருங்கள். செயல் என்றால் செய்தவன் ஒருவன் இருந்தாக வேண்டும். ஆளைத் தேடிப் போய் அடித்தால் வன்செயல்; கூட்டம் தறிகெட்டு அகப்பட்டதை உடைத்தால் கலவரம்; ஆட்சிக்கு எதிராக எழுந்தால் கிளர்ச்சி. இந்த மூன்றும் எங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. நாங்களோ ஹொக்கிக்குக் கிளர்ச்சியைக் கொடுத்துவிட்டு, ஜூலைக்குக் கலவரத்தைக் கொடுத்திருக்கிறோம்.

'பொது எதிர்வினைகள்' என்ற தலைப்பையும் விடுவதாக இல்லை. எதிர்வினை இரசாயன ஆய்வுகூடத்தில் நடப்பது. ஊர் என்ன சொன்னது என்பதுதானே அங்கே கேள்வி? வன்கூவரில் ஊர் நிறையவே சொன்னது. மறுநாள் காலையில் ஆயிரக்கணக்கானோர் விளக்குமாறும் கையுறையுமாக வந்து தெருவைக் கூட்டினார்கள். உடைந்த கண்ணாடிகளுக்குப் பதிலாக அடித்திருந்த ஒட்டுப்பலகைகள் முழுவதும் மன்னிப்பும் வெட்கமும் ஊர்ப்பற்றுமாக எழுதி நிரப்பினார்கள். ஒரு பொலிஸ் காரின் மேல் சின்னச் சின்ன ஒட்டுத்தாள்களில் நன்றி எழுதி ஒட்டி, அதன் நிறமே தெரியாதபடி ஆக்கினார்கள். பொலிஸ் தலைவர் ஜிம் சூ, கலவரம் குற்றவாளிகளும் அராஜகவாதிகளும் செய்த வேலை என்றார். அதைச் செய்தவர்கள் உண்மையான ரசிகர்களே அல்லர் என்று ஊர் சொன்னது. பிறகு வழக்குப் பதியப்பட்ட ஏறத்தாழ முந்நூறு பேரில் பலர் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த, அதுவரை எந்தக் குற்றப்பதிவும் இல்லாத இளைஞர்கள். பெரும்பாலோர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

அவர்களின் படங்களை இணையத்தில் போட்டு, பெயரையும் வேலை செய்யும் இடத்தையும் கண்டுபிடித்து எழுதியவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான். அதை ஒரு மாணவர் 'பெயரிட்டு வெட்கப்படுத்துதல்' என்று மொழிபெயர்த்திருந்தார். தம்பி, சந்தி சிரிக்க வைத்தல் என்று ஒன்று எங்களிடம் இருக்கிறது. உங்கள் அம்மம்மா அதை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்.

அதே தாளில் ரசிகர்கள் 'விசிறிகள்' ஆகியிருந்தார்கள். விசிறிகள் காருக்குத் தீ வைத்தன என்று அஃறிணையில் முடித்திருந்தபடியால் இலக்கணப் பிழை இல்லை; முழுப் புள்ளியும் கொடுத்துவிட்டேன்.